எல்லாருக்கும் பதினேழு

முன்னொரு காலத்திலே என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் இது நடந்து ரெண்டு மழைதான் ஆகிறது.

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் என்று ஒரு நடிகர். முப்பது வருஷம் ராஜா வேஷம் கட்டியவர். வசனம் பேசினால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும்.

அந்த ராஜா வேஷம் வேறொருவருக்குப் போனது. ஆவுடையப்பன் பெனிட்டாவிடம் வந்து சேர்ந்தார். பெனிட்டாவுக்கு முப்பது வயது. மேடையே போடாமல், மாடிப்படியிலும் சமையலறையிலும் ஐந்து பேருக்கு நாடகம் போடுகிறவர்.

இந்தத் தடவை ஒரு தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், கடைக்காரர் விடுமுறையில்.

"வாத்தியாரம்மா, ஒருத்தர்கூடக் கை தட்டலியே!" என்றார் ஆவுடையப்பன், முதல் ஞாயிறு நாடகம் முடிந்ததும்.

"இருந்ததே அஞ்சு பேர், அண்ணாச்சி."

"அஞ்சு பேருக்கும் பத்துக் கை இருக்குல்லா?"

பெனிட்டா சிரித்தார்.

"அடுத்த வாரமும் இப்படின்னா, வேஷத்தைக் கழட்டி வெச்சிருவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல நடிப்பு கிடையாது."

சொல்லும்போது அவர் குரல் ஒரு தெருவுக்குக்கூடக் கேட்கவில்லை.

நாடகம் சின்னதுதான். சின்ன வயதில் ஊரைவிட்டுப் போன மகன் திரும்பி வரப்போகிறான். தையல்கார அப்பா (அதுதான் ஆவுடையப்பன் வேஷம்) அவனுக்குச் சட்டை தைக்க வேண்டும். இப்போதைய அளவு தெரியாது. அதனால் வந்திருக்கும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, 'என் மகன் உங்க அளவு இருப்பானோ?' என்று டேப் பிடித்துப் பார்க்கிறார்.

பெனிட்டா கேட்டார்: "இன்னிக்கு ஒரு பெரிய உடம்புக்காரர் வந்தாரே, அவருக்குத் தோள் எவ்வளவு?"

"பதினேழு."

"குச்சி மாதிரி ஒரு காலேஜ் தம்பி?"

"அவனுக்கும் பதினேழுதான். வசனத்துல அப்படித்தானே இருக்கு?"

"டேப்பைக் காட்டுங்க."

ஆவுடையப்பன் இடுப்பிலிருந்து உருவினார். பழைய ராஜா உடுப்பில் இருந்து வெட்டிய ஜரிகைப் பட்டை. ஒரு எண்கூட இல்லை.

"கடைசி வரிசைக்கும் மின்னணும்லா," என்றார்.

பெனிட்டா கடைசி வரிசையைத் தேடினார். கடை எட்டடி அகலம்.

பிறகு மேஜையில் கிடந்த கடைக்காரரின் டேப்பை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். வசனத் தாளில் பதினேழைக் கோடு போட்டு அடித்தார்.

"அப்போ அந்த இடத்துல என்ன சொல்ல?"

"எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம். ஐந்து பேர்.

ஆவுடையப்பன் நாலு பேரை அளந்தார். எண்களைப் படிக்கத் தடுமாறினார். கண்ணாடியைப் போட்டார், எடுத்தார். ஒரு அம்மா, "பதினாலரை, அண்ணே," என்று எடுத்துக்கொடுத்தார்.

ஐந்தாவது ஆள் நாற்பது வயதிருக்கும். இடது தோளில் கனமான பை. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாம்.

"பையை இறக்குங்க, தம்பி."

ஆவுடையப்பன் டேப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அடுத்த வசனம் இடிபோல வர வேண்டும். வரவில்லை.

"பதினாறே முக்கால்," என்றார். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். "இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு."

அந்த ஆள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமாத் தூக்குறேன். யாருமே சொன்னதில்ல."

"வலிக்குமா?"

"ராத்திரி படுத்தா வலிக்கும்."

இதெல்லாம் தாளில் இல்லாத வசனம். ஆவுடையப்பன் நோட்டில் அளவைக் குறித்தார்.

நாடகம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. நாலு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கிளம்பினார்கள்.

பைக்காரர் மட்டும் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, சட்டை எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

ஆவுடையப்பன் பெனிட்டாவைப் பார்த்தார். பெனிட்டா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை வாங்க, தம்பி," என்றார் ஆவுடையப்பன்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?" என்று பெனிட்டா காதோடு கேட்டார்.

"நாலு நாள் இருக்குல்லா, வாத்தியாரம்மா?"

பைக்காரர் தலையாட்டினார். குனிந்து பையை எடுத்தார். வழக்கம்போல இடது தோளில் மாட்டப்போனவர், ஒரு நொடி நின்றார்.

வலது தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.