கேட்டால்தான் கொடுப்போம்

கோபி ஊர்ப் பக்கம் மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு மூளை உண்டு. அது மற்ற இருவரில் ஒருவரிடம் இருக்கிறது என்று மூவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் பிறந்தவர் நல்லசிவம். அவர் மகள் மகிழாவுக்கு ஆட்டிசம். வேண்டியதைக் கையால் காட்டுவாள், வாயால் கேட்கமாட்டாள். 'அப்பா, இது வேணும்' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் உலகத்தையே வாங்கித் தரலாம் என்று அந்த மனுஷர் ஏங்கிப்போயிருந்தார்.

மகிழாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு குட்டி ரோபோவைக் கொடுத்தார். யாராவது வாய்விட்டுக் கேட்டால் "சபாஷ்! அழகாகக் கேட்டாய்!" என்று அது பாராட்டும். "நீங்களா ஊகிச்சு எதையும் நீட்டாதீங்க. கேக்கறதுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்க. வீட்ல எல்லாரும் இப்படிப் பழகுங்க" என்றார் அந்த அம்மா. மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள். அங்கேயே விபரீதம் ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் பெரியவரின் சம்பந்தி வந்தார். வேகாத வெயில். துண்டால் விசிறிக்கொண்டு தண்ணீர்ச் செம்பைக் கண்ணால் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, கோபமாக எழுந்து போய்விட்டார்.

"பாவம், தாகமா இருந்திருக்கும்போலீங்ணா" என்றார் சின்னவர் தங்கமுத்து.

"கேட்டாரா?" என்றார் பெரியவர் சென்னியப்பன்.

"காட்டுனாருங்ணா."

"காட்டுனா செல்லாதுடா."

மகிழா அப்பாவின் விரலைப் பிடித்துத் தண்ணீர்ப் பானையில் வைத்தாள். "காட்டுனா செல்லாது சாமி" என்று சொல்வதற்குள் நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தானே மொண்டு குடித்தாள்.

சரி, கேட்பது எப்படி என்று நாமே செய்து காட்டுவோம் என்று சென்னியப்பன் ரோபோவின் முன்னால் போய், "தண்ணி வேணும்" என்றார். "சபாஷ்!" என்றது ரோபோ. பிறந்ததிலிருந்து அவருக்கு யாரும் சபாஷ் என்று சொன்னதில்லை. மனுஷர் உருகிப்போனார். அப்புறம் தம்பிகளுக்கும் தாகம் எடுத்தது. வயிறு குடமாகிற வரைக்கும் மூவரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். குழந்தைக்கு முறையே வரவில்லை. அவள் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இத்தனை சபாஷுக்கு எந்த ரோபோ தாங்கும்? சாயங்காலம் அதன் தலை தொங்கியது, நெற்றியில் சிவப்பு விளக்கு மினுக்கியது.

"சார்ஜ் போடலாமுங்ளா?"

"அது கேட்டுச்சா?"

"வெளக்கைக் காட்டுதுங்ளே."

"மறுபடியும் பாரு! காட்டுனா செல்லாதுன்னு எத்தனை தடவைடா சொல்றது?"

மூவரும் ரோபோவைச் சுற்றி உட்கார்ந்து அது வாய் திறக்கக் காத்திருந்தார்கள். மகிழா மூடிகளை விட்டு எழுந்து வந்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, சார்ஜ் வேணும்."

"பொறு சாமி, அதுவே கேக்கோணும்" என்றார் நல்லசிவம், ரோபோவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரோபோ உயிரைப் பிடித்துக்கொண்டு முனகியது. "சபாஷ்... அழகாகக் கேட்டாய்..." அத்தோடு அணைந்தது.

"யாரைடா சொல்லுச்சு?"

"நான் காலையில காப்பி கேட்டேனுங்ணா. அதுக்காத்தான் இருக்கும்."

"காப்பிக்கு அப்பவே சொல்லீருச்சு. இது எனக்கு."

நல்லசிவத்துக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "ஏனுங்ணா, இப்ப மகிழா ஏதாவது கேட்டாளுங்களா?"

"சபாஷ் யாருக்குன்னு பெரியவங்க பேசிட்டிருக்கோம், நடுவுல புள்ளைய இழுக்காதடா!"

மகிழா பெருமூச்சு விட்டாள். வயரை எடுத்துத் தானே சொருகினாள். ரோபோ கண்ணைத் திறந்து, "யாருக்கு என்ன வேண்டும்?" என்றது.

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரே குரலில் கேட்டார்கள்:

"சபாஷ் வேணுமுங்க!"