கதவு மாட்டாத வீடு

உப்பங்கழிக் கரையில் ஓர் ஊர். அங்கே சாவு விழுந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரே கதையைச் சொல்வது வழக்கம். முதல் ஆள் கதையைத் தொடங்குவார். அடுத்தவர் அதில் முடிச்சுப் போடுவார். மூன்றாமவர் முடிச்சை அவிழ்ப்பார்.

நாகம்மையின் புருஷனைக் கடல் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து அவள் அழவில்லை, கஞ்சியும் குடிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்த அண்ணன் வைரவன் கதைக்காரர்களை அழைத்துவந்தான். "என் தங்கச்சிய அழவைக்கிறவங்களுக்கு என் படகு" என்றான்.

கோட்டையப்பன் தொடங்கினார். ஓர் உப்பு வணிகன். அவன் வீட்டுக் கதவு கழன்று கிடக்கிறது. மழைக்கு முன்னால் வந்து மாட்டித் தருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டி கட்டிப் போகிறான்.

பூவாயி முடிச்சுப் போட்டாள். வழியில் மாடு நொண்டியது. திரும்பும்போது ஆறு கரை புரண்டது. வீட்டில் மழை வாசல் வழியே வந்து அடுப்பை நனைத்தது.

இனி மலையாண்டி அவிழ்க்க வேண்டும். அவர் நாகம்மையின் முகத்தைப் பார்த்தார். பேசாமல் இருந்தார்.

"என்ன மலையாண்டி அண்ணே, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?" என்றாள் பூவாயி. யாரோ சிரித்தார்கள். அவர் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து நாகம்மை சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவன் வரல. கதவ அவளே தூக்கி மாட்டிக்கிட்டா. வேற யாரு மாட்டுவா?"

பிறகு அழுதாள்.

"கதவு கழன்று கிடக்குன்னு நான் சொல்லலன்னா அவ எத மாட்டுவா?" என்றார் கோட்டையப்பன்.

"மழையக் கொண்டுவந்தது நான். நனையாத வீட்டுக்குக் கதவு எதுக்கு?" என்றாள் பூவாயி.

"அவிழ்க்கிறது என் பங்கு. அவிழ்ந்துடுச்சு" என்றார் மலையாண்டி.

"நீரு வாயே தொறக்கலயே, ஐயா!" என்றான் வைரவன்.

படகு யாருக்குச் சேர வேண்டும்?

மலையாண்டிக்குத்தான். மற்ற இருவரும் கதையைப் பார்த்துச் சொன்னார்கள். இவர் கேட்பவளைப் பார்த்தார். வணிகன் வரவில்லை என்று இவர் சொல்லியிருந்தால், அது அவள் காதில் விழுந்த இன்னொரு சாவுச் செய்தி, அவ்வளவுதான். தொடக்கமும் முடிச்சும் சரியாக அமைந்த கதையில் முடிவு கேட்பவருக்கே தெரிந்துவிடும். அப்போது வாயை மூடிக்கொள்வதும் கதைசொல்லியின் வேலைதான். வைரவன் முனகிக்கொண்டே படகை ஒப்படைத்தான். உள்ளே நாகம்மை, கஞ்சியில் உப்புப் போதவில்லை என்றாள்.