சக்கரம் ஓடியது, வண்டி நின்றது

சவரிமுத்து சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பதினொரு பக்கம் வந்தது. அதில் எட்டுப் பக்கம் எறும்பு.

விஷயம் இதுதான். வல்லக்குளம் ஸ்டேஷனுக்கு வந்த சரக்கு வண்டியில், ஒரு பெட்டியிலிருந்து அறுபது மூட்டை சீனியைக் காணோம். அந்தப் பெட்டிக்கு இரண்டு கதவு. இந்தப் பக்கத்துக் கதவில் ஈயச் சீல் போட்டது போட்டபடி இருந்தது. அந்தப் பக்கத்துக் கதவையே காணோம். ஸ்டேஷனுக்கு முன்னால் சுடலைமேடு என்று ஓர் ஏற்றம் உண்டு. அதில் சரக்கு வண்டி ஏறுகிற வேகத்துக்கு, நடந்து போகிறவன் கூடவே பேசிக்கொண்டு வரலாம். களவு போனது அங்கேதான், பட்டப்பகல் இரண்டரை மணிக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சுடலைமேட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு போன், போனுக்குப் பக்கத்தில் ஒரு சவரிமுத்து. எவனாவது வண்டியில் கை வைத்தால் போன் பண்ண வேண்டும். அவ்வளவுதான் அவர் உத்தியோகம். அன்றைக்குப் போன் வரவில்லை. அதனால் மனுஷன் தூங்கியிருக்கிறார் என்று குற்றச்சாட்டு. தூங்கியது உறுதியானால் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

யாருக்குப் போன் பண்ணுவது என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எங்கள் பகுதியில் ஓடுகிற வண்டிக்கு ஒரு காவல், நிற்கிற வண்டிக்கு ஒரு காவல். ஓடுகிறதற்கு இன்ஸ்பெக்டர் ராஜமன்னார். நிற்கிறதற்கு இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டி. பன்னிரண்டு வருஷமாக ஒரு திருட்டில்கூட இரண்டு பேரும் ஒத்துப்போனதில்லை. நின்றபோது போனது என்பார் ராஜமன்னார், ஓடும்போது போனது என்பார் தங்கப்பாண்டி.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து பூங்கோதை மேடம் வந்திருந்தார். பார்சல் அறையில் மேஜை போட்டோம். இன்ஸ்பெக்டர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். பெட்டியைத் திறந்து மூட்டை குறைவதைக் கண்ட லோடுமேஸ்திரி மாடக்கண்ணு சாட்சியாக வாசலில் நின்றார். நான் குமாஸ்தா, எழுத உட்கார்ந்தேன்.

"தூங்கினீங்களா?" என்று மேடம் நேராகக் கேட்டார்.

"தூக்கமா? பொறந்த அன்னிக்கு எங்க அம்மா தொட்டில்ல போட்டா. நான் முழிச்சிருந்து தொட்டில் கயித்தைக் காவல் காத்தேன் மேடம்."

"கொட்டாவி விடாம சொல்லும்வே," என்றார் மாடக்கண்ணு.

"இந்தாளு கெடக்காரு. தண்டவாளத்துல காதை வச்சேன்னா, மூணு ஸ்டேஷனுக்கு அந்தால வார வண்டியில என்ன சரக்குன்னு சொல்லிருவேன். சிமெண்டு வண்டி இருமிக்கிட்டு வரும். வத்தல் வண்டி தும்மும். சீனி வண்டி மட்டும் பாடிக்கிட்டே வரும். அன்னைக்கும் பாட்டு கேட்டுது. ஆனா சுருதி சேரலை. எவனோ கண்ணு வச்சிட்டான்னு அப்பமே பிடிச்சிட்டேன்."

"உரம் ஏத்துன வண்டி என்ன செய்யும்வே?"

"அதுக்குக் காது எதுக்கு, மூக்கு போதும்."

மேடம் பேனாவால் மேஜையைத் தட்டினார். சவரிமுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எட்டிப் பாத்தா பதிமூணு பேரு. ஆளுக்கொரு டின்னு விளக்கெண்ணெய். ரெண்டு தண்டவாளத்துலயும் ஒரு மைலுக்குப் பூசிட்டானுவ."

"ஒரு மைலுக்கா?"

"ஒண்ணேகால் மேடம். எழுதுறவருக்குச் சுளுவா இருக்கட்டும்னு காலைத் தள்ளுபடி பண்ணினேன். வண்டி வந்து மேட்டுல ஏறிச்சு பாருங்க, வழுக்கல்! சக்கரம் கரகரன்னு சுத்துது. வண்டி நின்ன இடத்தை விட்டு நவுரல. சக்கரம் ஓடுது, வண்டி நிக்கிது. நான் சும்மா இருப்பனா? போனை எடுத்தேன். முதல்ல ராஜமன்னார் ஐயாவுக்கு."

ராஜமன்னார் துள்ளி எழுந்தார். "மேடம், எனக்கு ஒரு போனும் வரலை!"

"வந்துது ஐயா. 'வண்டி ஓடுதா, நிக்கிதா'ன்னு கேட்டிய. நிக்கிதுன்னேன். 'அப்ப தங்கப்பாண்டிக்குப் போடு'ன்னு வச்சிட்டிய."

தங்கப்பாண்டி வாய்க்குள் சிரித்தார்.

"தங்கப்பாண்டி ஐயாவுக்குப் போட்டேன். 'சக்கரம் சுத்துதா'ன்னு கேட்டாவ. சுத்துதுன்னேன். 'சுத்துற சக்கரம் எனக்கு ஆவாது'ன்னுட்டாவ."

"புளுகு! சுத்தப் புளுகு!" என்று தங்கப்பாண்டியும் எழுந்துவிட்டார். போனே வரவில்லை என்று இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். வந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டோம் என்று மட்டும் இரண்டு பேருமே சொல்லவில்லை. மேடம் அதைக் கவனித்த மாதிரி இருந்தது.

"பெறவு ரெண்டு பேருமே ஜீப்புல வந்துட்டாவ மேடம். வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். தங்கப்பாண்டி ஐயா சக்கரத்துல சாக்பீஸால கோடு போட்டு 'பாரும், சுத்துது'ங்காவ. ராஜமன்னார் ஐயா பெட்டியில கோடு போட்டு 'பாரும், நிக்கிது'ங்காவ. மூணு மணி நேரம். சக்கரச் சூட்டுல கெட்டிலை வச்சு நான்தான் ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்தேன். சீனி ஒரு கரண்டி கூட."

"எந்தச் சீனி?" என்றார் மேடம்.

"எங்க வீட்டுச் சீனி மேடம்," என்று சொல்லிவிட்டு சவரிமுத்து வேகத்தைக் கூட்டினார்.

"அந்தச் சூட்டுல பெட்டிக்குள்ள இருந்த சீனி எல்லாம் உருகிட்டு. அதிரசத்துக்குக் காச்சுவாவளே, அந்தப் பதத்துல பாகு. உள்ள ஏறுன பதிமூணு பேரும் இடுப்பு வரைக்கும் மாட்டிக்கிட்டானுவ. பாகு பலகை இடுக்கு வழியா ஒழுகி மேட்டுல இறங்குது. வந்துதய்யா எறும்பு! ஏழு ஊரு எறும்பு. கட்டெறும்பு, சித்தெறும்பு, செவ்வெறும்பு, சுள்ளெறும்பு..."

"மேடம், எறும்பை எழுதவா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. வகை பிரிக்க வேண்டாம். மொத்தமா எறும்புன்னு போடுங்க."

"பாதி எறும்பு அவசரத்துல விளக்கெண்ணெயை நக்கிட்டு. வயித்தைக் கலக்கிக் கருவேலங்காட்டுக்குள்ள ஓடிப்போச்சு. மீதி எறும்புதான் வண்டியை மேட்டுல ஏத்திச்சு."

"எறும்பு வண்டியைத் தள்ளிச்சா?"

"தப்பா எழுதிரப்படாது மேடம். தள்ளலை. முன்னால ஒரு கோடி இழுத்துது, பின்னால ரெண்டு கோடி முட்டுக் குடுத்துது. வண்டி நவுந்த உடனே தங்கப்பாண்டி ஐயா, 'ஓடுது, இனிமே உம்ம வண்டி'ன்னாவ. ராஜமன்னார் ஐயா, 'எஞ்சின் இழுத்தாத்தான்வே ஓடுற வண்டி. எறும்பு இழுத்தா அது ஊர்வலம்'ன்னுட்டாவ."

வாசலில் நின்ற மாடக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. "ஓய், நான் கதவைத் திறந்தப்ப பெட்டி காஞ்சு கெடந்துது. பாகும் இல்ல, எறும்பும் இல்ல. அந்தப் பதிமூணு பேரு எங்கவே?"

"எறும்பு தூக்கிட்டுப் போயிட்டு."

"ஆளையா?"

"பாகுல ஒட்டுன ஆளைத் தனியாப் பிரிச்சு வச்சிட்டா போவும்? அறுபது மூட்டை, பதிமூணு ஆளு, ஒரு கதவு. எல்லாம் புத்துக்குள்ள. நான் விட்டனா? கடைசியாப் போன எறும்பை ரெண்டு விரல்ல பிடிச்சு விசாரிச்சேன். 'ஓடும்போதும் எடுக்கலை, நிக்கும்போதும் எடுக்கலை, எம்மேல எந்தக் காவலும் கேசு போட முடியாது'ன்னு சொல்லிட்டு. சட்டம் படிச்ச எறும்பு மேடம். விட்டுட்டேன்."

மாடக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் தலையைக் குனிந்து எழுதினேன். மேடம் சிரிக்கவில்லை. பைலிலிருந்து இரண்டு தாளை உருவி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ராஜமன்னார் எழுதிக் கொடுத்தது. அன்னைக்கு ரெண்டரை மணிக்கு சுடலைமேட்டுல வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். இது தங்கப்பாண்டி. அதே வண்டி, அதே ரெண்டரை மணி, ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு கையெழுத்து. ரெண்டு பேருமே பொறுப்புள்ள அதிகாரிங்க. ரெண்டு கடிதமும் உண்மைன்னா, நடந்தது சவரிமுத்து சொன்ன மாதிரிதான் இருந்திருக்கணும். இல்லேன்னா உங்கள்ல ஒருத்தர் கடிதம் பொய். யாரோடது?"

ராஜமன்னார் தங்கப்பாண்டியைப் பார்த்தார். தங்கப்பாண்டி ராஜமன்னாரைப் பார்த்தார்.

"யோசிச்சுப் பார்த்தா, சக்கரம் வழுக்க வாய்ப்பு இருக்கு மேடம்," என்றார் ஒருவர்.

"அந்த மேட்டுல எறும்பும் ஜாஸ்திதான்," என்றார் இன்னொருவர்.

"நல்லது," என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. ஓடுற வண்டிக்கு ஆள் இருக்கு, நிற்கிற வண்டிக்கு ஆள் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வண்டிக்கு இதுவரைக்கும் ஆள் இல்லை. அந்த நிலைமையை நேர்ல பார்த்து, சமாளிச்ச அனுபவம் ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கு. ஆகவே இன்று முதல் சுடலைமேட்டில் ஓடாமலும் நிற்காமலும் இருக்கிற எல்லா வண்டிக்கும், அதிலே குறைகிற எல்லாச் சரக்குக்கும், சவரிமுத்துதான் முழுப் பொறுப்பு."

இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட எழுந்தார்கள். தங்கப்பாண்டியிடம் பேனா இல்லை. ராஜமன்னார் தன் பேனாவை, மூடியைக் கழற்றி, கொடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

சவரிமுத்துவுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

"மேடம், அந்த மேட்டுல எல்லா வண்டியுமே அப்படித்தானே ஏறும்?"

"ஆமா."

"ஒரு மூட்டை குறைஞ்சாலும்?"

"உங்க வீட்டுலதான் முதல்ல தேடுவாங்க."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் இருந்த குரல் போய், வேறொரு குரல் வந்தது. சின்னக் குரல்.

"தாயே, நெசத்தைச் சொல்லிருதேன். எறும்பும் இல்ல, எண்ணெயும் இல்ல. நான் யாருக்கும் போன் போடலை. வீட்டுல ராத்திரி பூரா கண்ணைத் திறந்துகிட்டுக் கெடக்கேன், பொட்டுத் தூக்கம் கெடையாது. அந்தக் கொட்டகையில சோத்தைத் தின்னுட்டு உக்காந்தாத்தான் கண்ணு சொக்குது. வண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தூங்கிட்டேன் மேடம். வேலையை எடுத்துக்கிடுங்க. அந்த மேட்டை மட்டும் என் தலையில கட்டிராதிய."

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன். மேடம் இன்ஸ்பெக்டர்களைப் பார்த்தார்.

"பொய் மேடம்," என்றார் ராஜமன்னார். "எனக்குப் போன் வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சு," என்றார் தங்கப்பாண்டி. "சக்கரம் சுத்துதான்னு நான்தானே கேட்டேன்!"

மேடம் பைலைக் கட்டி, கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சவரிமுத்து, இவ்வளவு நேரம் ஒழுங்காத்தானே சொல்லிக்கிட்டு வந்தீங்க? கடைசியில வந்து எதுக்குப் புளுகுறீங்க?"