அரை லிட்டர் தண்ணீர்

"சாமி, நான் இருந்தும் யாருக்கும் பிரயோஜனம் இல்லை" என்றாள் செண்பகவல்லி.

மலைமேல் அந்த ஆசிரமத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். அதை நடத்தும் சாமியம்மா அவளைவிடப் பத்து வயது இளையவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்த நாள்லேருந்து எதுவும் சொல்லலியே. என்னக்கா ஆச்சு?"

"தங்கச்சி கோமதிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. நான் ஒண்ணு தர்றேன்னு போனேன். ஸ்கேன்ல பார்த்தா, எனக்கு ரெண்டும் பிறவியிலேயே அடியில ஒட்டி, லாடம் மாதிரி இருக்காம். பிரிச்சு எடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவளைப் பார்க்க? இங்க வந்துட்டேன். மூணு மாசம் ஆகுது."

அவள் மடியருகே அரை லிட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. சாமியம்மா அதையே பார்த்தாள்.

"கோமதிக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணி. மேல குடிச்சா மூச்சு முட்டும். நானும் அவ்வளவுதான் குடிக்கிறேன்."

"உங்களுக்கு டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒட்டின கிட்னியில சீக்கிரம் கல் சேரும், மூணு லிட்டர் குடின்னார்." விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தடவை குளிர்காய்ச்சல் வந்துடுச்சு. வரட்டும்."

சாமியம்மா கீரையை அலசப் போய்விட்டாள்.

மறுநாள் சாமியம்மாவின் அருகிலும் ஓர் அரை லிட்டர் பாட்டில் இருந்தது.

பாறை கொதித்தது. பகல் முழுக்கச் சுனை சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் சாமியம்மாவின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"நீங்க எதுக்கு இப்படிக் காயுறீங்க?"

"உங்களுக்காகத்தான்."

"நல்லா இருக்கே! இதனால என் வலி குறைஞ்சுதா? பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற எனக்குத்தான் மனசு பதறுது."

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள்.

சாமியம்மா கேட்டாள்: "கோமதிக்கு டயாலிசிஸ் எந்தக் கிழமை?"

"செவ்வாய், வெள்ளி. நாலு மணி நேரம் அசையாம கிடக்கணும்."

"பக்கத்துல யாரு?"

"அவ வீட்டுக்காரர் வேலைக்குப் போயிடுவார். யாரும் இல்லை."

"இன்னைக்கு என்ன கிழமைக்கா?"

"திங்கள்."

செண்பகவல்லி எழுந்து பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு சாமியம்மாவிடம் நீட்டினாள். இன்னொரு சொம்பு மொண்டு, நின்றபடியே தான் குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசி பஸ் போயிருக்குமா, சாமி?"