நாற்பத்தாறில் இருபத்தொன்று

இரவு பத்து நாற்பது. அடிக்க வேண்டியது நாற்பத்தாறு ஃபிளாஷ். அடிப்பவர் தெய்வநாயகம், ஐம்பத்திரண்டு வயது, தீயணைப்பு வண்டி ஓட்டுநர்.

எதிரே நின்றது அவர் பதினைந்து வருடமாக ஓட்டிய வண்டி. ஆயுள் முடிந்துவிட்டது, மறுநாள் காலை கழித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அன்று அவருக்கு விடுப்பு. நிலைய அதிகாரியிடம் ஒரே ஓர் இரவு கேட்டு வாங்கி, முற்றத்து விளக்குகளை மெயினிலேயே அணைத்துவிட்டு, வண்டியை முழுசாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

கூட நின்றவர் ஜெசிந்தா. முப்பத்து நான்கு வயது. லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குக் காலண்டர் படம் எடுப்பவர். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் தெய்வநாயகம் அவரிடம் கற்றுவந்தார். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நிலையத்தில் இதை வைத்தே அவரை ஓட்டுவார்கள்.

சொல்வதற்குச் சுலபமான வேலைதான். கும்மிருட்டில் காமிராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட வேண்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஃபிளாஷோடு வண்டி ஓரமாக நடக்க வேண்டும். கைக்கெட்டும் அகலத்துக்கு ஒன்றாக, மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே போக வேண்டும். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் படத்தில் சேர்ந்துகொண்டே வரும். நடக்கிற ஆள் படத்தில் விழமாட்டார்.

இரண்டு படம் எடுத்து இரண்டும் வீண். ஏணி இருக்கும் இடம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது.

"ஏணிகிட்ட ரெண்டு தடவை அடிச்சிருக்கீங்க."

"மூணு, டீச்சர்."

"எதுக்கு?"

"பட்டுச்சான்னு சந்தேகம். ஒரு தடவை அடிச்சதுமே கண்ணு கூசிப்போயிடுது. அடிச்ச இடம் எது, விட்ட இடம் எதுன்னு தெரியல."

வாசல் காவலில் இருந்த சின்னச்சாமி இருட்டிலிருந்து குரல் கொடுத்தார். "வண்டிக்குக் கல்யாண ஆல்பமாண்ணே? மாலை வாங்கியாரட்டுமா?"

"நீ கேட்டைப் பாரு."

தெய்வநாயகம் எட்டு மாதமாகக் கேட்டுவந்த கேள்வியை மறுபடியும் கேட்டார். "போதும்னு எப்படி டீச்சர் தெரியும்?"

ஜெசிந்தா வண்டியின் பின்பக்கத் தகரத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"இடது கையை இங்க வைங்க. கண்ணை மூடிக்குங்க. மூடிட்டே அடிங்க. கை முன்னாடி போகலாம். திரும்பி வரக்கூடாது."

மூன்றாவது முறை காமிரா திறந்தது.

முதல் ஃபிளாஷ். சிவப்பு ஒரு கணம் எழுந்து அணைந்தது. இரண்டு. மூன்று. கண்ணை மூடியிருந்தும் இமைக்குள் சிவப்பு தெரிந்தது. உள்ளங்கையின் கீழே ஆணித் தலைகள் வரிசையாக வந்தன. பிறகு ஏணியின் படி. ஏணியில் ஒரே ஒருமுறை அடித்தார். கை திரும்பிப் பார்க்க ஆசைப்பட்டது, விடவில்லை. குழாய்ப் பெட்டி. அதன் மூடியில் ஒரு நெளிவு இருந்தது. தினமும் துடைத்த வண்டி. அந்த நெளிவு இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியாது.

இருபத்தொன்று. கை பம்ப் நெம்புகோலைத் தொட்டபோது உள்ளே தொலைபேசி அடித்தது. அடுத்த கணம் மணி.

ஊர்க்கோடியில் பஞ்சு குடோனில் தீ. உள்ளே ஆட்கள் படுத்திருக்கிறார்கள். புது வண்டி தேர்த் திருவிழாவுக்குப் போயிருந்தது. முறையில் இருந்த ஓட்டுநர் ரியாஸ் டார்ச்சோடு ஓடிவந்தான்.

"அண்ணே, நீங்க க்ளச்சை மிதிச்சாத்தான் இந்தப் பம்ப்பு பிடிக்கும். வாங்க."

தெய்வநாயகம் காமிரா இருந்த பக்கம் திரும்பினார். இன்னும் இருபத்தைந்து பாக்கி. காலையில் வண்டி இருக்காது.

"டீச்சர்..."

ஜெசிந்தா கையை நீட்டினார். அவர் ஃபிளாஷை அந்தக் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். மெயினைப் போட யாரும் நிற்கவில்லை. வண்டி தன் விளக்கிலேயே வழி பார்த்து வெளியேறியது. சத்தம் முழுசாக அடங்கும்வரை ஜெசிந்தா காமிராவைத் தொடவில்லை. அப்புறம் மூடினார்.

ஒன்று ஐம்பதுக்கு வண்டி திரும்பியது. குடோனில் படுத்திருந்த இரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்திருந்தார்கள். தெய்வநாயகம் முகத்தைக்கூடக் கழுவாமல் நேராகக் காமிராவிடம் வந்தார். ஜெசிந்தா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

பின்பாதி வண்டி நின்றிருந்தது. ஒவ்வொரு ஆணித் தலையும் தெரிந்தது. ஏணி ஏணியாக இருந்தது. பம்ப் வரை அப்படியே வந்து, அதன் பிறகு இருட்டு. கேபின் இல்லை. பின்விளக்கின் சிவப்பு ஒரே கோடாக, நிற்கிற அந்த உடம்புக்குள்ளேயே புகுந்து, இருட்டைக் கடந்து வாசல்வரை போயிருந்தது. கீழே நான்கு வெள்ளை இழைகள் தாறுமாறாக நெளிந்தன. ஓடிவந்து ஏறியவர்களின் டார்ச்சுகள். ஆள் ஒருவரும் படத்தில் இல்லை.

எட்டிப் பார்த்த சின்னச்சாமி, தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தெய்வநாயகம் சொன்னார். "பாதிதான் இருக்கு டீச்சர்."

"ஆமா."

"விடிய இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. இன்னொரு தடவை அடிச்சா முழுசா வந்துரும்."

"வந்துரும். அடிக்கலாம்." ஜெசிந்தா ஃபிளாஷை அவரிடம் நீட்டினார். "இதுல மீதி வண்டி எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெய்வநாயகம் அந்தச் சிவப்புக் கோட்டை வாசல்வரை கண்ணால் தொடர்ந்தார். ஜெசிந்தா நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

விடிந்ததும் வேறோர் உத்தரவு வந்து, கழிப்பது தள்ளிப்போனது. 2022 ஜூன் 25ஆம் தேதி காலை வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். இடையில் பதினோரு இரவுகள் இருந்தன. தெய்வநாயகம் ஃபிளாஷ் கேட்டு வரவில்லை.