வெந்நீர்க் குளத்தில் அம்பலம்

"வெளியூர் போறவன் மொதல்ல பார்க்க வேண்டியது..." என்று கோணக்கரையின் பழைய அம்பலம், அதாவது முந்தைய ஊர்த் தலைவர், ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். எதைப் பார்க்கச் சொன்னார் என்பது இப்போதைய அம்பலம் வெள்ளைக்கண்ணுவுக்கு மறந்துவிட்டது. வேனில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்து, அறிவிப்புப் பலகையாகத்தான் இருக்கும் என்று தெளிந்தார்.

கோணக்கரைக்காரர்கள் பலகைக்கு மரியாதை கொடுப்பவர்கள். ஊர் முனையில் 'இங்கே பேருந்து நிற்கும்' என்று ஒன்று உண்டு. அந்த வழியில் பேருந்து ஓடியே வருஷக்கணக்காகிறது. இன்றும் காலையில் நாலு பேர் அதன் கீழே நின்றுவிட்டு, வெயில் ஏறியதும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள்.

பயணத்துக்குக் காரணம் அம்பலத்தின் முழங்கால். தேர்த் திருவிழா நெருங்கிவிட்டது. தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் ஊரைச் சுற்றி நடந்தால்தான் முதல் மரியாதை. நடக்க முடியாவிட்டால் அது பங்காளி மலைச்சாமிக்குப் போய்விடும். மலைச்சாமியின் தலையில் பரிவட்டத்தை நினைத்தாலே அம்பலத்துக்கு இன்னொரு முழங்காலும் வலித்தது. வைத்தியர் வடக்கே ஒரு மலையைச் சொல்லி, அங்குள்ள வெந்நீர் ஊற்றில் முழங்காலை வைக்கச் சொன்னார். மைத்துனர் சாத்தையாவையும், ஊரில் விவரமானவர் என்று பேரெடுத்த உடையணனையும் கூட்டிக்கொண்டு அம்பலம் கிளம்பிவிட்டார்.

வழியில் ஒரு பலகை 'மெதுவாகச் செல்லவும்' என்றது. வேகமாகப் போகலாம் என்று வேறு பலகை வரும்வரை மெதுவாகவே போகும்படி டிரைவர் ஜெரால்டுக்கு உத்தரவானது. அப்படிப் பலகை எதுவும் வரவில்லை. மாடுகள் அவர்களை முந்திப் போயின.

ஒருவழியாக ஊற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். வைத்தியர் முழங்காலைத்தான் சொன்னார், பாதத்தைச் சொல்லவில்லை என்று உடையணன் நினைவூட்டினார். பாதம் நனையாமல் முழங்கால் எப்படி நனையும் என்று கரையில் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் காலை மடக்கிப் பிடித்து, சாமியை இறக்குவதுபோல அம்பலத்தை முட்டி கீழாக இறக்கினார்கள். இறக்கிய இருவரும் வழுக்கினார்கள். மூவரும் முழுசாக உள்ளே போனார்கள்.

சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்பலம் காலை மடக்கினார், நீட்டினார், தண்ணீருக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தார். வலி போன இடம் தெரியவில்லை. இனி மலைச்சாமி வாயைப் பிளந்துகொண்டு கூட்டத்தோடு நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் சாத்தையா குளத்துச் சுவரில் இருந்த பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். 'ஈர உடம்போடு குளத்தை விட்டு வெளியேறக் கூடாது.'

கரைப் பக்கம் நகர்ந்த மூவரும் அப்படியே பின்வாங்கினார்கள். குளித்தது போதும், கிளம்பலாம் என்று ஜெரால்டு கரைக்கு வந்தார். நிலைமையைச் சொன்னார்கள்.

"மேல வந்து துண்டால துடைச்சா காஞ்சிடும் ஐயா," என்றார் ஜெரால்டு.

உடையணன் பொறுமையாக விளக்கினார். "மேல வந்து துடைச்சா, வரும்போது ஈரந்தானே? படிச்ச பிள்ளை நீயே இப்படிப் பேசலாமா?"

அதில் நியாயம் இருப்பதாக அம்பலத்துக்குப் பட்டது. துண்டை உள்ளே வாங்கி, தண்ணீருக்குள்ளேயே துடைத்துப் பார்த்தார்கள். துண்டு மட்டமான துண்டு என்று முடிவானது. பிறகு சாத்தையாவும் உடையணனும் அம்பலத்தைத் தலைக்கு மேலே தூக்கி வெயிலில் காட்டினார்கள். தோள் கடுத்தாலும் விடவில்லை. ஒருவழியாக உடம்பு முழுக்கக் காய்ந்தது.

"காஞ்சுட்டீகளா மாமா?" என்று கீழேயிருந்து சாத்தையா கேட்டார்.

"சருகாட்டம் காஞ்சுட்டேன்."

"அப்ப இறங்குங்க."

அம்பலம் இறங்கினார். கழுத்துவரை தண்ணீர்.

இப்போதே கிளம்பாவிட்டால், அதுவும் இவர்கள் சொல்கிற வேகத்தில் போனால், தேருக்குப் போய்ச் சேர முடியாது என்று ஜெரால்டு கைகூப்பிச் சொன்னார். அம்பலம் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் பரிவட்டத்தோடு மலைச்சாமியின் தலை தெரிந்தது. நடக்கக் கால் வந்துவிட்டது, நடக்கத்தான் தரை இல்லை. உடையணனைப் பார்த்தார். உடையணன் சாத்தையாவைப் பார்த்தார். சாத்தையா பலகையைப் பார்த்தார்.

சாமியோடு தேரை இங்கே இழுத்து வந்து குளத்தைச் சுற்றச் சொல்லி, ஜெரால்டை ஊருக்கு அனுப்புவதென்று அம்பலம் முடிவு செய்தார்.