ஐந்தாவது புளியங்காய்

நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்த காலத்தில், கொன்றைமாறன் என்று ஒரு ராஜா அதை ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் பசி வந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் சட்டம் போட்டுவிடுவான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா இலையில் கை வைக்குமுன் கட்டியக்காரன் எதிரே நின்று, "வீரமிக்க, வெற்றி சூடிய, கருணை நிறைந்த" என்று அறுபத்தோரு அடைமொழிகளைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு நாள் அவனுக்கு நடுவில் இருமல் வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். நெய்ச்சோறு ஜில்லிட்டுப்போயிற்று.

"இனி என் நாட்டில் எவனும் அடைமொழி பேசக்கூடாது!" என்று ராஜா கத்தினான்.

பக்கத்தில் நின்ற மராமத்து அதிகாரி வாணகோவருக்கு உள்ளூர ஒரே குஷி. ஆற்றின் மேல் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். "அது மட்டும் போதாது பிரபு. எப்படிப்பட்டது, எப்படிச் செய்தது என்று சொல்கிற எல்லா வார்த்தையையும் தடுத்துவிடுங்கள். மாடு வந்தது, மழை பெய்தது. மனுஷனுக்கு இவ்வளவு போதாதா? அப்படியே அந்த வேம்பாயியின் பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுங்கள்" என்றார்.

வேம்பாயி கோட்டைவாசல் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தருகிறவள். வரும் வழியில் பார்த்த ஒன்றைப் பிள்ளைகள் தினமும் சொல்ல வேண்டும். அது எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை, என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று இன்னும் ரெண்டு. "கறுத்த காளை சோம்பலாக நடந்தது" என்பான் ஒருவன். போன வாரம் தேனம்மை என்கிற வாண்டு எழுந்து, "புதுப் பாலம் காத்துல லொடலொடன்னு ஆடுது டீச்சரம்மா" என்றாள். தெருவில் போய்க்கொண்டிருந்த வாணகோவர் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

வேம்பாயி அரசவைக்கு ஓடிவந்து கெஞ்சினாள். ராஜா மீசையை முறுக்கினான்.

"பத்து நாள் தருகிறேன். பத்தாம் நாள் பாலத் திறப்பு. அதற்குள் அந்த வார்த்தைகளால் என்ன பயன் என்று நீ காட்ட வேண்டும். அதில் ஒன்றைக்கூட நீ பேசக்கூடாது. தோற்றால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு நாட்டை விட்டே போய்விடு. சட்டத்தை யார் மீறினாலும், ஒரு வார்த்தைக்கு ஒரு புளியங்காய் மென்று தின்ன வேண்டும்!"

மறுநாள் பிடித்தது பாருங்கள், ஊர் முழுக்கக் குழப்பம்.

"பிரபு, யானை ஓடியது!" என்று ஒரு காவலன் வந்து நின்றான். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். தெற்கே என்பது தடை செய்த வார்த்தையா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டான். மூன்று பேர் மூன்று திசையில் ஓடினார்கள். யானை நாலாவது திசையில் கரும்பு தின்றுகொண்டிருந்தது.

ராணி கண்ணாடி முன் நின்று, "புடவை?" என்று கேட்டாள். ராஜா யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "புடவை" என்றான். ராணி இரண்டு நாள் பேசவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், ராஜா நாவிதனைக் கூப்பிட்டு, "மீசையை வெட்டு" என்றான். எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. கேட்க அவனுக்குத் தைரியமில்லை. வெட்டிவிட்டான்! மொழுமொழு உதட்டைத் தடவிக்கொண்டு ராஜா உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போட்ட சட்டத்தை விட வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று அவனுக்கே புரியவில்லை. வீம்புக்கு வைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் ஆற்றங்கரையில் ஊரே கூடியது. பட்டத்து யானை மேல் ராஜா. பிள்ளைகளோடு ஓரமாக வேம்பாயி. துணிமூட்டையைக் கட்டிக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள்.

"பாலம் கட்டினோம், பிரபு. பாலம் நிற்கிறது" என்றார் வாணகோவர்.

வேம்பாயி முன்னால் வந்தாள். ஒரு வார்த்தை தவறினால் எல்லாம் போயிற்று.

"அரசே, அதிகாரி யானையில் ஏறட்டும். பாலத்தைக் கடக்கட்டும். நீங்கள் பாருங்கள்."

"இவ்வளவுதானே!" என்று ராஜா இறங்கினான். "ஏறும், வாணகோவரே."

"நா... நான் நடக்கிறேன், பிரபு."

"ஏறும் என்றேன்!"

ஏறினார். யானை முன்காலை எடுத்துப் பலகையில் வைத்தது. பலகை முனகியது. இன்னொரு காலைத் தூக்கியது. அவ்வளவுதான், வாணகோவர் யானையின் காதைக் கட்டிக்கொண்டு அலறினார்.

"நிறுத்துப்பா! மெதுவாக! அது உளுத்த மரம்! அவசரமாக, அரைகுறையாகக் கட்டினேன்! ஐயோ, இறக்கிவிடுங்கள்!"

யானையைப் பின்னால் இழுத்தார்கள். அந்த யானை மேல் தான் அல்லவா போயிருக்க வேண்டும் என்பது ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து நாளாக யாரும் தன்னிடம் இதைச் சொல்ல முடியாமல் செய்தது யார் என்பதும் புரிந்தது.

"வேம்பாயி, எத்தனை வார்த்தை?"

"நாலு, அரசே."

"நாலு புளியங்காய் கொண்டுவந்து இவர் வாயில் போடுங்கள்!" என்றவன் கொஞ்சம் தயங்கினான். "ஐந்தாவதாக ஒன்று எனக்கு. சட்டம் போட்டது நான்."

ஊர் பார்க்க, கண்ணில் நீர் வர, ராஜா அதை மென்று தின்றான்.

சட்டம் அன்றே போயிற்று. வேம்பாயியின் பள்ளிக்கூடம் அரசவைக்கே வந்தது. எந்த அதிகாரி என்ன முடித்தேன் என்று சொன்னாலும், "எப்படிப்பட்டது? எப்படிச் செஞ்சீங்க?" என்று முதலில் பிள்ளைகள் கேட்பார்கள். கட்டியக்காரன் மட்டும் சோற்றுக்குப் பிறகுதான் வாய் திறக்கலாம்.

வாணகோவர் தன் வீட்டுத் தேக்கை எல்லாம் பெயர்த்துப் பாலத்தை மறுபடி கட்டினார். திறப்பன்று முதலில் அவரையே நடக்கவிட்டார்கள். அவர் அக்கரை சேர்ந்ததும் ராஜா திரும்பி, "பிள்ளைகளே, இன்றைய பாடம் என்ன?" என்று கேட்டான்.

தேனம்மை எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"உறுதியான பாலத்துல அதிகாரி பயந்து பயந்து நடந்தாரு!"